நான் ஒதுக்கிவைத்த ஏழு தாள்கள்

2009 பிப்ரவரி. எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ப்ராஜெக்டுக்கு எடுத்த தலைப்பு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வு பயம். மதுரையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கு, துறைத் தலைவரின் கடிதத்தோடு போனேன். தலைமையாசிரியர் அன்பாகப் பேசினார். டீ வரவழைத்தார். கடிதத்தின் ஓரத்திலேயே 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். துணைக்கு ஓர் ஆசிரியரையும் அனுப்பினார்.

அந்த ஆசிரியர் வகுப்பில் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "காலேஜ்ல இருந்து மேடம் வந்திருக்காங்க. எல்லாரும் ஒழுங்கா எழுதிக் குடுங்க. சத்தம் வரக்கூடாது."

அது பி.டி. பீரியட். ஜன்னலுக்கு வெளியே பத்தாம் வகுப்புப் பையன்கள் கபடிக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் தாளுக்குத் திரும்பினார்கள். நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்.

மூன்று பிரிவுகளிலும் சேர்த்து 120 பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டபோது, ஏழு தாள்களில் நாற்பது வாக்கியங்களுக்கும் ஒரே கட்டத்தில் டிக் இருந்தது. அதில் ஒரு பையன் டிக்கூடப் போடவில்லை. ஸ்கேல் வைத்து மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு கோடு இழுத்திருந்தான். செல்லாத தாள்கள் என்று ஏழையும் ஒதுக்கினேன். ஆய்வேட்டில் அவற்றுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: 'ஏழு வினாத்தாள்கள் முறையாக நிரப்பப்படாததால் நீக்கப்பட்டன.' மீதி 113 பேரை வைத்து முடிவுகள் எழுதினேன். வைவாவில் பாராட்டினார்கள்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு ஆறேழு ப்ராஜெக்டுகளுக்கு நான்தான் கைடு. என் மாணவி ஒருத்தி அதேபோல் ஒரே கட்டத்தில் டிக் போட்ட தாள் ஒன்றைக் காட்டி "இதைத் தூக்கிடலாமா மேம்?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையனுக்கு என் ஆய்வில் சேர விருப்பம் இல்லை. அதைச் சொல்ல அந்த வகுப்பறையில் அவனுக்கு என்ன வழி இருந்தது? எழுந்து நின்று "எனக்கு வேண்டாம் சார், விளையாடப் போறேன்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நம் பள்ளிகளில் படித்த யாருக்கும் தெரியும். அதனால் கோடு இழுத்தான். மற்ற ஆறு பேரில் சிலர் வெறும் அலுப்பில் டிக் போட்டிருக்கலாம். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்பதால் இன்று பிரித்துச் சொல்ல முடியாது.

என்னிடம் தலைமையாசிரியரின் அனுமதி இருந்தது. பிள்ளைகளின் சம்மதம் இல்லை, பெற்றோரின் சம்மதமும் இல்லை. அனுமதி வேறு, சம்மதம் வேறு. ஜனவரி பிறந்து ப்ராஜெக்ட் வேலைகள் தொடங்கிவிட்டதால் இதை இப்போது எழுதுகிறேன். உளவியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது வாசித்தால் டேட்டா எடுக்கக் கிளம்புவதற்கு முன் வாசிக்கட்டும்.

வகுப்பில் ஆராய்ச்சி நெறிமுறை வரலாறு எடுக்கும்போது எல்லோரும் எழுதிக்கொள்ளும் முதல் வரி நியூரம்பெர்க் நெறித் தொகுப்பு, 1947. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு வந்த பத்து விதிகள் அவை. அதில் முதல் விதி, ஆய்வுக்கு உட்படும் மனிதரின் தன்விருப்பமான சம்மதம் முற்றிலும் அவசியம் என்கிறது. அடுத்து மில்கிராம் என்ற உளவியலாளர். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 1963இல் வெளியான சோதனை. அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று வந்தவர்களிடம் சொன்னார்கள். அதிர்ச்சி நிஜமல்ல, அது அவர்களுக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்று தேர்வில் எழுதுவோம், இரண்டு மதிப்பெண் வரும்.

அந்தச் சோதனையில் நான் மாணவிகளுக்கு அழுத்திச் சொல்வது வேறொரு விவரம். வந்தவர்களுக்கு நான்கரை டாலர் கொடுத்தார்கள். ஆய்வகத்துக்கு வந்ததற்கே அந்தப் பணம், உள்ளே என்ன நடந்தாலும் அது உங்களுடையதுதான் என்று முன்பே சொல்லியும் விட்டார்கள். அதாவது எந்த நிமிடமும் எழுந்து போகலாம், பணம் போகாது. ஆனால் ஒருவர் தயங்கினால், சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஆய்வாளர் நான்கு வாக்கியங்களை வரிசையாகச் சொல்வார். தயவுசெய்து தொடருங்கள் என்று ஆரம்பிக்கும். நான்காவது, உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும் என்பது. மூன்றாவது வாக்கியம்தான் என்னை உலுக்கியது. நீங்கள் தொடர்வது முற்றிலும் அவசியம். ஆங்கில மூலத்தில் நியூரம்பெர்க் விதியில் இருக்கும் அதே இரண்டு சொற்கள். 1947இல் சம்மதத்துக்காகச் சொன்னதை, பதினான்கு வருடம் கழித்து சம்மதத்தைத் திரும்பப் பெற நினைத்தவரிடம் சொன்னார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த அன்று எனக்கு அந்த ஆசிரியரின் குரல்தான் கேட்டது. எல்லாரும் ஒழுங்கா எழுதிக் குடுங்க.

1964இலேயே டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் இந்தச் சோதனையைக் கண்டித்து எழுதினார். ஆய்வகத்துக்கு வருபவர் ஆய்வாளரை நம்பி, அவர் சொல்வதைக் கேட்கும் மனநிலையில்தான் வருகிறார் என்பது அவர் வாதத்தில் முக்கியமான இடம். நம் ஊருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

எங்கள் ஹாஸ்டல் கதை ஒன்று. ஒரு மாணவி இரண்டே இரவில் 80 தாள்களோடு வந்து நின்றாள். எப்படிம்மா என்றேன். "ஜூனியர்ஸ்தான் மேம். ரூம் ரூமா போய்க் கொடுத்தேன், அங்கேயே நின்னு வாங்கிட்டேன்." எல்லாத் தாளிலும் கையெழுத்து, தேதி, எல்லாம் சரி. பிறகு அந்த ஜூனியர்களில் ஒரு பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அக்கா வாசல்ல வந்து நிக்கும்போது எப்படி மேம் மாட்டேன்னு சொல்றது? நாளைக்கு மெஸ்ல மூஞ்சியைப் பார்க்கணுமே" என்றாள். அவளை யாரும் மிரட்டவில்லை. அக்கா என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

இன்னொன்றும் அந்த 80 தாள்களில் இருந்தது. வயது என்ற இடத்தில் பதினோரு பேர் 17 என்று எழுதியிருந்தார்கள். கல்லூரிக்கு வந்துவிட்டாலே பெரியவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். முதல் வருடத்தில் பல பிள்ளைகளுக்குப் பதினெட்டு முடிந்திருக்காது. அப்படியென்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், அந்தப் பிள்ளையின் இசைவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களில் இது தெளிவாக இருக்கிறது: ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை வாய்மொழி இசைவு, அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்தில். அந்தப் பதினோரு தாள்களையும் எடுக்கச் சொன்னேன். மீதியையும் வேறு முறையில் திரும்பச் செய்தோம். தாள்களை வாசிப்பறையில் வைத்துவிட்டு அவள் போய்விட வேண்டும். விருப்பம் இருப்பவர்கள் எழுதிப் பெட்டியில் போடலாம். பத்து நாளில் 34 வந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் வேறு இரண்டு கல்லூரிகளுக்குப் போய் மீதியைச் சேர்த்தாள்.

ப்ராஜெக்டைவிட ப்ராக்டிகல் ரெக்கார்டில்தான் இந்த மீறல் அதிகம் என்பது என் அனுபவம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு 'சப்ஜெக்ட்' வேண்டும். ரூம்மேட்டைப் பிடித்து உட்காரவைப்போம். ஒரே நீளக் கோடுகள் வேறு வேறு நீளமாகத் தெரியும் முல்லர்-லையர் சோதனைக்குப் பாதகமில்லை. பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்லும் சாக்ஸின் வாக்கிய நிரப்புச் சோதனையில் 60 வாக்கியங்கள் உண்டு. அப்பா, அம்மா, குடும்பம், பயம், குற்றவுணர்வு என்று போகும். ஒரு வருடம் ஒரு பெண் ஆய்வக மேசையில் அடுக்கிவைத்திருந்த ரெக்கார்டுகளைப் புரட்டும்போது, தன் அப்பாவைப் பற்றித் தான் எழுதியதைத் தன் பெயரோடு பார்த்தாள். தோழி அதை அழகான கையெழுத்தில் படியெடுத்து, கீழே விளக்கமும் எழுதியிருந்தாள். புற மதிப்பீட்டாளர் படிப்பார், ஆய்வக உதவியாளர் படிப்பார், அடுத்த வருட ஜூனியர்கள் மாதிரிக்கு வாங்கிப்போவார்கள். அன்றிலிருந்து எங்கள் துறையில் ரெக்கார்டில் பெயர் கிடையாது. வயதும் ஓர் எண்ணும் மட்டும். ஆளுமைச் சோதனைகளின் விடைத்தாளை விளக்கம் எழுதி முடித்ததும் அதை நிரப்பியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கன்சென்ட் ஃபார்முக்கு வருகிறேன். பெரும்பாலும் சீனியருடைய ஃபார்ம்தான் வரும், தலைப்பு மட்டும் மாறியிருக்கும். 'மேற்படி ஆய்வின் நோக்கம் எனக்கு முழுமையாக விளக்கப்பட்டது, எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி முழு மனதுடன்' என்று கிரயப் பத்திர நடையில் ஓடும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாணவி மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களின் மன அழுத்தம் பற்றிச் செய்தாள். அவள் ஃபார்மை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா ஐந்தாம் வகுப்பு. தினமும் பேப்பர் வாசிப்பார். இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல கையெழுத்துப் போட்டா பின்னாடி ஏதும் கேட்டு வருவாகளா?"

அம்மா ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அந்தக் கடனைத் தானே கட்டியவர். குழுப் பெண்களுக்கும் கையெழுத்து என்றால் கடன், நிலம், வங்கி. பாதுகாப்புக்காக என்று நாம் நீட்டும் தாளே அவர்களுக்குப் பயமாக இருக்கிறது. சரி என்று மொத்தத்தையும் கிழித்துவிட்டு, பேசுவதுபோல் எழுதினோம். 'நான் இன்ன கல்லூரியில் படிக்கிறேன். என் படிப்புக்காக இதைச் செய்கிறேன். இதனால் உங்களுக்குக் கடனோ உதவித்தொகையோ கிடைக்காது. பதில் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு வரவேண்டியது எதுவும் நிற்காது. அரை மணி நேரம் ஆகும். வீட்டுச் செலவு, கடன், வீட்டுக்காரரின் குடி பற்றியெல்லாம் கேட்பேன். பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம். பாதியில் போதும் என்றால் நிறுத்திவிடலாம், ஏன் என்று கேட்க மாட்டேன்.'

இதைப் படித்துக் காட்டிவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று அவர்கள் வாயாலேயே ஒரு தடவை சொல்லச் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்ப்பதுபோல் இல்லாமல், நான் சரியாகச் சொன்னேனா என்று தெரிந்துகொள்வதற்காக என்று சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு பெண், "தலைவி வரச் சொன்னாக, வந்தேன். நீ லோன் ஆபீஸ்ல இருந்து வரலியாத்தா?" என்றாராம். இல்லை என்று மாணவி சொன்னதும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். பழைய ஃபார்மாக இருந்தால் அவர் கையெழுத்துப் போட்டு அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். கையெழுத்துப் போடத் தயங்கியவர்களிடம் சாட்சி ஒருவர் முன் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம். அப்படி வாங்குவதற்கு எங்கள் துறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் பெற்றிருந்தோம்.

அடுத்தது எழுதக் கஷ்டமானது.

2021 ஊரடங்கு சமயம் எல்லாமே கூகுள் ஃபார்ம். ஒரு மாணவி கல்லூரிப் பிள்ளைகளின் மனச்சோர்வு பற்றி, அதை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற வினாத்தாளை வைத்து ஃபார்ம் செய்து வாட்ஸப் குழுக்களில் விட்டாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. 212 பேர் நிரப்பியிருந்தார்கள். நாங்கள் அதைத் திறந்து மதிப்பெண் கூட்ட உட்கார்ந்தபோது மூன்று பேர் அந்தக் கேள்விக்கு 3 கொடுத்திருந்தார்கள். ஏறக்குறைய தினமும். ஒன்றின் நேரம் இரவு 2.40. அதற்குப் பிறகு பதினேழு நாள் ஓடிவிட்டிருந்தது.

பெயர் இல்லை, மின்னஞ்சல் இல்லை. பெயர் கேட்க மாட்டோம் என்பதைத்தான் நாங்கள் பெருமையாக முதல் பக்கத்தில் போட்டிருந்தோம். அன்று 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் வந்திருக்கவில்லை, அது 2022 அக்டோபரில்தான் வந்தது. ஆனால் தமிழ்நாட்டின் 104 உதவி எண் இருந்தது. அதைக்கூட ஃபார்மின் கடைசிப் பக்கத்தில் போடவில்லை. 'பங்கேற்றமைக்கு நன்றி' என்று மட்டும் வந்தது அந்த மூன்று பேருக்கும். மாணவி போனில் அழுதாள். நான் என்ன சொல்ல? அந்த ஃபார்மை ஒப்புக்கொண்டது நான். அன்றிரவே ஃபார்ம் போன எல்லாக் குழுக்களிலும் எண்ணைப் போட்டோம். அந்த மூன்று பேருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் கேள்வியைக் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. மனநலத் துறையில் இது உறுதியாகத் தெரிந்த விஷயம். கேட்டுவிட்டுப் பதிலைப் பார்க்காமல் இருந்தது எங்கள் தவறு. இப்போது என்னிடம் வருபவர்களுக்கு இரண்டு வழிதான். பதிலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும்: நேரில் எடுக்க வேண்டும், அன்றன்றே பார்க்க வேண்டும், யாரிடம் அனுப்புவது என்று முன்பே பேசிவைத்திருக்க வேண்டும், இந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் வந்தால் உங்களிடம் பேசுவோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் ஒன்பதாவது கேள்வி இல்லாத பி.ஹெச்.க்யூ-8 வடிவம் இருக்கிறது, ஆராய்ச்சிகளில் பயன்படுத்தப்படுவதுதான், அதை எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் எண்கள் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் பாதியில் மூடிவிடுபவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கூகுள் ஃபார்மில் இன்னும் சில. எல்லாக் கேள்விக்கும் பதில் கட்டாயம் என்ற சிவப்பு நட்சத்திரம் போட்டுவிட்டு, விரும்பாத கேள்வியை விட்டுவிடலாம் என்று மேலே எழுதினால் அது பொய். மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை நிறுத்தாமல் பெயர் தெரியாது என்பதும் பொய். பெயரே இல்லாத ஃபார்மில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்கிறார்கள்; அனுப்பியபின் யாருடையதை எடுப்பது? அவர்களே ஒரு ரகசிய எண் வைத்துக்கொள்ளச் சொல்லலாம், அதைச் சொன்னால் எடுத்துவிடலாம். அப்புறம் 'இந்த ஆய்வில் எந்த ஆபத்தும் இல்லை' என்ற வரி. அதைப் பார்த்தவுடன் அடித்துவிடுகிறேன். ஒரே அறை வீட்டில், அண்ணனின் போனில், அப்பாவின் குடியைப் பற்றிய ஃபார்மை ஒரு பெண் நிரப்புகிறாள். நோட்டிஃபிகேஷன் யார் கண்ணில் படும்?

முழு ரகசியம் என்ற வாக்குறுதியும் அப்படித்தான். பிள்ளைகளிடம் பேசும்போது பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். மாணவி என்று விலக்கு கிடையாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அப்புறம் சொன்னால், அந்தப் பிள்ளை அடுத்து யாரையும் நம்பாது. இன்ன விஷயம் என்றால் மட்டும் நான் சொல்லியாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது மேல். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களை வெறுமனே பேட்டி எடுப்பதாக இருந்தாலும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர்களுடைய சுயமான, தகவலறிந்த சம்மதத்தைக் கேட்கிறது. மருத்துவமனை சம்பந்தப்பட்ட தலைப்புகளை அந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழு பார்க்காமல் நான் விடுவதில்லை.

எங்கள் துறையிலும் ஒவ்வொரு தலைப்பையும் உட்கார்ந்து பார்க்கிறோம். மூன்று ஆசிரியர்கள், சட்டம் படித்த ஒருவர், கல்விக்குச் சம்பந்தமில்லாத ஒருவர். அந்தக் கடைசி இடத்தில் இருப்பவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபார்மைச் சத்தமாகப் படித்துவிட்டு, இந்த வரி எனக்குப் புரியவில்லை என்பார். மாற்றி எழுதுவோம்.

நாளை காலை ஒரு மாணவியோடு ஒரு பள்ளிக்குப் போகிறேன். எட்டாம் வகுப்பு, தலைப்பு போனும் தூக்கமும். திங்கட்கிழமை 96 வீடுகளுக்குச் சம்மதத் தாள் போனது. 74 திரும்பி வந்தன, அதில் ஐந்து 'வேண்டாம்'. வராத 22ஐயும் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். அந்த 27 பிள்ளைகளும் அதே அறையில்தான் உட்காருவார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்குப்போலவே ஒரு கவர், உள்ளே கேள்வித்தாளுக்குப் பதிலாக ஒரு குறுக்கெழுத்துப் புதிர். மற்ற 69 கவர்களில் கேள்வித்தாளும் புதிரும் இரண்டும் இருக்கும். எழுதப் பிடிக்காவிட்டால் புதிரை மட்டும் போட்டுவிட்டு, எதையும் நிரப்பாமல் அப்படியே மடித்துக் கவரில் திரும்ப வைக்கலாம். எல்லாக் கவரும் ஒரே பெட்டிக்குள் போகும், யார் எழுதினார்கள் என்று பக்கத்துப் பெஞ்சுக்கும் தெரியாது.

உள்ளே மாணவி மட்டும் இருப்பாள். அந்த நாற்பது நிமிடமும் வகுப்பாசிரியரை ஸ்டாஃப் ரூமில் பேச்சுக் கொடுத்து உட்காரவைத்திருப்பது என் வேலை. தலைமையாசிரியையிடம் சொல்லி ஒப்புக்கொள்ளவைத்தாயிற்று. முதலில் பி.டி. பீரியட்தான் காலியாக இருக்கிறது என்றார்கள். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நீதிபோதனை வகுப்பு கிடைத்திருக்கிறது.